பிறருக்காகத் தரப்பட்ட கொடை – புனித ஜான் மரிய வியான்னி



நம் பங்குகளில் ஒரு பணிக்கு ஆள் தேடும்போதெல்லாம் நாம் கேட்கும் பதில் ஒன்று உண்டு. தமக்கு அதற்கான திறமை இல்லை என்றும், படித்தவர்களையோ நன்றாகப் பேசத் தெரிந்தவர்களையோ பார்த்து அந்தப் பணியைக் கொடுக்குமாறும் சொல்லிப் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பாடத் தெரிந்தவர்களுக்கும், வாசகங்களைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும், மேடையில் பேசத் தெரிந்தவர்களுக்கும் மட்டுமே தூய ஆவியார் கொடைகளைத் தந்திருக்கிறார் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. மறுபக்கம், கொடை பெற்றவர்களாகத் தம்மை எண்ணும் சிலர், அதைத் தம் சொந்த நிலத்தைப்போல வேலி போட்டுக் காக்கிறார்கள். வேறொருவர் அதே பணிக்கு வந்தால் அவர்களுக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த இரண்டு எண்ணங்களுக்கும் அடியில் இருக்கும் தவறு ஒன்றுதான். கொடை என்பது அதைப் பெற்றவரின் உடைமை என்று இரு சாராருமே நினைக்கிறார்கள். புனித பவுல் கொரிந்து நகர் மக்களுக்கு எழுதும்போது, ஒவ்வொருவரிலும் தூய ஆவியார் செயல்படுவது எல்லாருடைய பொதுநன்மைக்காகவே என்பதைத் தெளிவாக எடுத்துரைக்கிறார் (1 கொரி 12:7). புனித பேதுருவோ ஒருபடி மேலே சென்று, கொடை பெற்ற நாம் அனைவரும் கடவுளின் பல்வகை அருளைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பாளர்கள் மட்டுமே என நினைவூட்டுகிறார் (1 பேது 4:10). பொறுப்பாளருக்குக் களஞ்சியம் சொந்தமில்லை. அதைப் பூட்டி வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை.

இந்த உண்மையை ஒரு மனிதரின் வாழ்வில் வைத்துப் பார்ப்பது நமக்கு உதவியாக இருக்கும். உலகின் பங்குத்தந்தையர் அனைவருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை தந்திருக்கும் புனித ஜான் மரிய வியான்னியே அவர். அவருடைய பெயரை அறியாதவர் நம்மில் குறைவு. படிப்பில் பின்தங்கியிருந்தும் குருவானார், நாள் முழுவதும் ஒப்புரவு அருளடையாளம் வழங்கினார் என்பது வரை நமக்குத் தெரியும். ஆனால் அவருக்குள் இருந்த கொடையை முதலில் கண்டவர் யார், அந்தக் கொடையோடு அவரே எப்படிப் போராடினார் என்பதை நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை.

வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் முதல் நற்கருணை

1786 ஆம் ஆண்டு மே 8 ஆம் நாள், பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகிலுள்ள தார்தில்லி என்ற சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் ஜான் மரிய வியான்னி பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காமவர். வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் உணவும் இரவில் தங்க இடமும் கொடுக்கும் வீடு அது. மூன்று வயதுச் சிறுவனாக அவர் இருந்தபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. திருச்சபையை அரசின் பிடிக்குள் கொண்டுவரும் சட்டத்திற்கு உறுதிமொழி அளிக்க மறுத்த குருக்கள் வேட்டையாடப்பட்டனர். கோவில்கள் மூடப்பட்டன. உண்மையான மேய்ப்பர்கள் தச்சராகவும் சமையற்காரராகவும் வேடமிட்டு, இரவில் வீடு வீடாகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார்கள்.

1799 இல், தம் 13 ஆம் வயதில், எக்குல்லி என்ற ஊரில் ஒரு வீட்டில் மறைவாக நடந்த திருப்பலியில் வியான்னி முதல் நற்கருணை பெற்றார். சன்னல் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. உள்ளே எரியும் மெழுகுவர்த்திகளின் வெளிச்சம் தெருவுக்குத் தெரியாதிருக்க, வைக்கோல் ஏற்றிய வண்டிகளைச் சன்னல்களுக்கு முன்னால் நிறுத்தி, ஆட்கள் வைக்கோலை இறக்குவதுபோல வேலை செய்துகொண்டிருந்தார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒரு குரு தமக்கு நற்கருணை கொண்டுவருவதைக் கண்ட சிறுவனுக்கு, குருத்துவம் என்பது சலுகை நிறைந்த பதவியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாமும் குருவாக வேண்டும் என்ற ஆசை அந்த ஆண்டுகளில்தான் அவருள் முளைத்தது.

ஒருவர் மட்டும் கண்ட கொடை

புரட்சியின் ஆண்டுகளில் ஊரில் ஒழுங்கான பள்ளி இல்லை. வயல் வேலைக்கு ஆள் வேண்டும் என்று தந்தையும் தயங்கினார். ஆகவே ஏறத்தாழ 20 வயதில்தான் வியான்னி இலத்தீன் படிக்கத் தொடங்கினார். எக்குல்லியின் பங்குத்தந்தை சார்லஸ் பாலே, குருவாக விரும்பும் சிறுவர்களுக்குத் தம் இல்லத்திலேயே வகுப்பு நடத்திவந்தார். புரட்சிக் காலத்தில் லியோனில் மறைந்து வாழ்ந்து பணியாற்றியவர் அவர். தம்மைவிட மிகவும் இளைய சிறுவர்களுக்கு நடுவில் வளர்ந்த உழவர் மகனாக வியான்னி உட்கார்ந்தார். படித்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை.

ஒருநாள் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சிறுவன் மத்தியாஸ் லோராஸ் பொறுமை இழந்து, எல்லாருக்கும் முன்பாக அவரை அறைந்துவிட்டான். வயதில் பெரியவரான வியான்னி, அச்சிறுவன் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். சிறுவன் அழுதுவிட்டான். அவன்தான் பின்னாளில் அமெரிக்காவில் டுபுக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானவர். அந்த வகுப்பறையில் இலத்தீனை மட்டுமே அளந்திருந்தால் வியான்னி தோற்றவர்தான். முழந்தாளிட்ட நிகழ்வில் வெளிப்பட்டது என்ன என்பதை அளக்கும் தேர்வு அங்கே யாரிடமும் இல்லை.

மனம் தளர்ந்த வியான்னி, 1806 இல் புனித பிரான்சிஸ் ரெஜிசின் கல்லறை இருக்கும் லா லூவெஸ் மலைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் பிச்சை எடுத்தபடி நடந்தே திருப்பயணம் சென்றார். தொடர்ந்து படிக்கும் அளவுக்காவது அருள் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய மன்றாட்டு. 1809 இல் நெப்போலியனின் படைக்கு ஆள் சேர்த்தபோது அவருக்கும் அழைப்பு வந்தது. நோயுற்று மருத்துவமனையில் கிடந்ததால் தம் படைப்பிரிவைத் தவறவிட்ட அவர், இறுதியில் லே நோ என்ற மலைக் கிராமத்தில், தப்பியோடியவராகக் கருதப்பட்ட நிலையில், வேறு பெயரில் ஓராண்டுக்கும் மேலாக மறைந்து வாழ்ந்தார். மறைந்திருந்த அந்த இடத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் கற்றுக்கொடுத்தார். 1810 இல் பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்ட பிறகே அவர் ஊர் திரும்ப முடிந்தது.

1813 இல் லியோன் குருமடத்தில் சேர்ந்தார். பாடங்கள் இலத்தீனில் நடந்தன. கேள்வியும் புரியவில்லை, பதிலும் வரவில்லை. சில மாதங்களில் அவரை வீட்டிற்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மனித அளவுகோலின்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்குக் காரணம் தந்தை பாலே. அவர் வியான்னியை மீண்டும் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டு, பிரெஞ்சு மொழியில் இறையியல் சொல்லிக்கொடுத்தார். தேர்வாளர்களை எக்குல்லிக்கே வரவழைத்தார். பழகிய இடத்தில், தெரிந்த மொழியில் கேட்டபோது வியான்னி நன்றாகவே பதில் சொன்னார். மறைமாவட்டத்தின் முதன்மை குரு கூர்போன், அந்த இளைஞரின் இறைப்பற்று எத்தகையது என்று விசாரித்து, கிடைத்த சான்றில் நிறைவடைந்து, மீதியை இறையருள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையோடு அனுமதி அளித்தார். 1815 ஆகஸ்டு 13 அன்று கிரெனோபிள் நகரில் வியான்னி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 29. திருநிலைப்பாட்டிற்கு உறவினர் கூட்டமோ ஊர்வலமோ இல்லை. அந்நிய நாட்டுப் படைகள் நடமாடிய பாதையில் தனியாக நடந்தே போனார்.

இதிலே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பின்னாளில் பாவ மன்னிப்பின் திருத்தூதர் எனப் போற்றப்படவிருந்த இவருக்கு, குருவான முதல் சில மாதங்கள் ஒப்புரவு அருளடையாளம் வழங்கும் அதிகாரம் தரப்படவில்லை! அந்த அனுமதி கிடைத்தபோது, அவரிடம் முதலில் வந்து முழந்தாளிட்டுத் தம் பாவங்களை அறிக்கையிட்டவர் தந்தை பாலேதான். வேறு யாரும் நம்பாத நேரத்தில், தாம் கண்டுணர்ந்த கொடையின் முன் அந்த முதியவர் முழந்தாளிட்டார். 1817 டிசம்பரில் தந்தை பாலே வியான்னியின் அருகிலிருக்க இறைவனடி சேர்ந்தார். தம் மாணவரின் புகழை அவர் பார்க்கவே இல்லை.

திருச்சபையில் கொடைகளைப் பகுத்துணர்ந்து ஏற்கும் பொறுப்பு மேய்ப்பர்களுக்கு உண்டு என்றும், தூய ஆவியாரின் செயலை அவர்கள் அணைத்துவிடாமல் சோதித்தறிய வேண்டும் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பிக்கிறது (திருச்சபை, எண் 12). குருமட ஆசிரியர்கள் தவறு செய்தார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. இலத்தீன் தெரியாத குரு அக்காலத்தில் எப்படிப் பணியாற்றுவார் என்ற அவர்களுடைய கவலை நியாயமானதே. ஆனால் அவர்கள் பார்த்தது சில மாதங்களின் பாடங்களை. தந்தை பாலே பார்த்ததோ அந்த மனிதரோடு ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின்கீழ் செபித்த வாழ்வை. பிறருடைய கொடையைக் காண அத்தனை நெருக்கமும் அத்தனை பொறுமையும் தேவைப்படுகின்றன. பிறரிடம் உள்ள கொடையைக் காணும் கண்களே பெரியதொரு கொடை அன்றோ!

230 பேர் கொண்ட ஊர்

1818 பிப்ரவரியில், லியோனுக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு வியான்னி அனுப்பப்பட்டார். மொத்தம் 230 பேர். அப்போது அது தனிப்பங்காகக்கூட இல்லை. புரட்சியின் ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் இறைநம்பிக்கையை வெறுத்துவிடவில்லை, மறந்துவிட்டிருந்தார்கள். ஞாயிறன்று வயலில் வேலை, மாலையில் மதுக்கடை, இரவில் நடனம் என்று வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

தம்மிடம் சிறப்பான கொடை இருக்கிறது என்ற நினைப்போடு வியான்னி அங்கே போகவில்லை. தமக்குத் தெரிந்த பணிகளைச் செய்தார். விடியுமுன் கோவிலைத் திறந்து நற்கருணைப் பேழைமுன் மணிக்கணக்கில் மண்டியிட்டார். வீடு வீடாகச் சென்று, விளைச்சல் எப்படி, பிள்ளைகள் நலமா என்று விசாரித்தார். மறையுரைகளைப் புத்தகங்களிலிருந்து இரவெல்லாம் எழுதி மனப்பாடம் செய்தார். பாதியில் மறந்துபோய் இறங்கி வந்த நாள்களும் உண்டு. கிடைத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கை நாள்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்.

தொடக்க ஆண்டுகளில் அவர் மிகவும் கண்டிப்பானவராக இருந்தார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நடனத்தையும் மதுக்கடைகளையும் கடுமையாகச் சாடினார். பழக்கத்தை விடாதவர்களுக்குப் பாவ மன்னிப்பு வழங்கத் தயங்கினார். அவர் பயின்ற அக்காலத்துப் பிரெஞ்சு ஒழுக்கநெறி இறையியல் அத்தகைய கடுமை கொண்டது. பிறகு, புனித அல்போன்ஸ் லிகோரியாரின் கனிவான ஒழுக்கநெறிப் போதனை பிரான்சில் பரவியது. மேலும், நாள்தோறும் தம்மிடம் வந்து கண்ணீர் விட்டவர்களிடமிருந்தே மனித பலவீனத்தை அவர் கற்றுக்கொண்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவரது குரல் மென்மையானது. கடவுளின் நீதியைப் பற்றிப் பேசியவர், கடவுளின் அன்பைப் பற்றிப் பேசும்போது அழத் தொடங்கினார். பெற்ற கொடை முதல் நாளே முழுமையாக இருப்பதில்லை. பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் அது தூய்மையாகிறது.

1820 களின் பிற்பகுதியிலிருந்து அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மக்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள். பின்னர் லியோனிலிருந்தும், பாரீசிலிருந்தும், கடல் கடந்தும் வந்தார்கள். ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கானோர். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே அவர் கோவிலுக்குள் நுழைவார். குளிர்காலத்தில் 11, 12 மணி நேரமும், கோடைக்காலத்தில் 16 மணி நேரம் வரையும் ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருப்பார். குளிர்காலத்தில் கால்கள் விறைத்துப் போகும். கோடையில் மூச்சு முட்டும்.

பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் எல்லாக் குருக்களுக்கும் திருநிலைப்பாட்டில் கிடைப்பது. வியான்னிக்கு அதனோடு, எதிரில் இருப்பவரின் உள்ளத்தை உணரும் தனி அருள்கொடையும் இருந்ததாகப் பலர் சான்று கூறியுள்ளனர். அவர் வரலாற்றில் சொல்லப்படும் நிகழ்வு ஒன்று இது. பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவருடைய மனைவி, தாங்க முடியாத துயரத்தோடு ஆர்சுக்கு வந்தார். கூட்டத்தில் நின்ற அவரைக் கடந்துசென்ற வியான்னி, சட்டென நின்று குனிந்து, அவருடைய கணவர் மீட்படைந்துவிட்டார் என்றார். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட அந்த நொடிப்பொழுதில் அவர் மனம் வருந்தினார் என்றும், இறைநம்பிக்கையில் தளர்ந்திருந்த அவர் மே மாதத்தில் மனைவியோடு சேர்ந்து அன்னை மரியாவிடம் சிலமுறை செபித்ததே அந்த அருளைப் பெற்றுத்தந்தது என்றும் விளக்கினார். அந்தப் பெண் அவரிடம் அதுவரை எதையும் சொல்லியிருக்கவில்லை. உற்றாரை இவ்வாறு இழந்து, வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன. இறைவனுடைய இரக்கத்தின் எல்லையை நாம் வரையறுக்க முடியாது என்பதை இந்நிகழ்வு நமக்குச் சொல்கிறது. கொடை எதற்காகத் தரப்படுகிறது என்பதையும் இதிலே பார்க்கிறோம். மக்கள் கண்டு வியப்பதற்காக அது தரப்படவில்லை. உடைந்த உள்ளம் ஒன்று தேறுவதற்காகவே தரப்பட்டது.

ரொட்டி சுட்டவரின் கொடை

வியான்னியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடும் மூன்று பெண்கள் உண்டு. 1824 இல், ஏழைச் சிறுமிகளுக்காக அவர் ஒரு வீட்டை வாங்கி இலவசப் பள்ளி தொடங்கினார். இறைப் பராமரிப்பு இல்லம் என்று அதற்குப் பெயர். பிறகு அது ஆதரவற்ற பிள்ளைகள் தங்கி வளரும் இல்லமாகவும் ஆனது. அதை நடத்தக் கன்னியர் சபை எதையும் அவர் தேடவில்லை. தம் பங்கைச் சேர்ந்த கத்தரின் லசாஞ், பெனுவாத் லார்தே என்ற இரு இளம் பெண்களைத் தேர்ந்து, பக்கத்து ஊரிலிருந்த கன்னியரிடம் பயிற்சிக்கு அனுப்பினார். பின்னர் ஜான் மரி ஷானே என்பவரும் சேர்ந்து, ரொட்டி சுடுவது, துணி துவைப்பது போன்ற கடினமான வேலைகளை ஏற்றார்.

இவர்களில் யாரும் உள்ளங்களை ஊடுருவிப் பார்க்கவில்லை. யாரைப் பார்க்கவும் திருப்பயணிகள் ஊர் ஊராக வரவில்லை. ஆனால் அறுபது வரையான பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள், எழுதப் படிக்கக் கற்றார்கள், செபிக்கக் கற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வியான்னி நாள்தோறும் நடத்திய எளிய மறைக்கல்வியைக் கேட்கவே வெளியூர் மக்களும் வந்து நின்றார்கள். பின்னர் அதுவே கோவிலில் காலை 11 மணிக்கு நடக்கும் மறைக்கல்வியாயிற்று. கத்தரின் லசாஞ் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் இல்லையென்றால் புனிதருடைய அன்றாட வாழ்வைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திருக்காது. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய பட்டியலில், இறைவாக்கு உரைப்பதையும் கற்பிப்பதையும் போலவே, தொண்டு செய்வதும், பகிர்ந்து கொடுப்பதும், முகமலர்ச்சியோடு இரக்கம் காட்டுவதும் ஒரே வரிசையில் வருகின்றன (உரோ 12:6-8). மாவு பிசைந்த கைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

1847 இல் அந்த இல்லம் கன்னியர் சபை ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. வியான்னி மிகவும் நேசித்த ஆதரவற்றோர் இல்லம் அதோடு நின்று, பள்ளி மட்டும் தொடர்ந்தது. அவருக்கும் கத்தரினுக்கும் அது ஆறாத வேதனை. எனினும் ஆயரின் முடிவுக்குப் பணிந்தார். நாம் தொடங்கிய பணி நம் கையை விட்டுப் போகும்போதுதான், அது யாருடைய பணி என்ற கேள்விக்கு நாம் உண்மையாகப் பதில் சொல்கிறோம். ஓர் அமைப்பின் தலைவர் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுக்க நேரும்போது நம் பங்குகளில் எழும் மனக்கசப்புகளை எண்ணிப் பார்த்தால், வியான்னியின் பணிவு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

எதிர்ப்பும் புகழும்

கொடை வெளிப்பட்டபோது எதிர்ப்பும் வந்தது. பக்கத்துப் பங்குகளின் குருக்கள் சிலர், படிப்பில்லாத ஒருவரிடம் தம் மக்கள் போவதை விரும்பவில்லை. அவருடைய தகுதியின்மையை ஆயரிடம் முறையிட எழுதப்பட்ட ஒரு கடிதம் தவறுதலாக அவர் கைக்கே வந்துசேர்ந்தது. அதைப் படித்தவர், அதிலே எழுதியிருப்பது சரியே என்று கருதி, தாமும் கையொப்பமிட்டு அனுப்பிவைத்தார். ஆயர் தெவி விசாரித்தறிந்து, வியான்னியை ஆதரித்தார்.

1845 மே மாதத்தில் தொமினிக்கன் சபைக் குரு லக்கோர்தேர் ஆர்சுக்கு வந்தார். பாரீசின் நோத்ர தாம் பேராலயத்தில் அவர் ஆற்றிய உரைகளைக் கேட்க அறிஞர்களும் இளைஞர்களும் திரண்டுவந்த காலம் அது. பிரான்சிலேயே தலைசிறந்த மறையுரையாளர், கிராமத்துப் பங்குத்தந்தையின் மறையுரையை மக்களோடு அமர்ந்து கேட்டார். வியான்னிக்கு இது பெரும் கூச்சமாயிருந்தது. லக்கோர்தேரோ மனநிறைவோடு திரும்பினார். ஒருவருக்குத் தரப்பட்ட சொல்வன்மை மற்றவருக்குத் தரப்படவில்லை. ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் கண்டு மகிழ்ந்தார்கள். கண் கையைப் பார்த்து நீ எனக்குத் தேவையில்லை எனச் சொல்ல முடியாது என்ற புனித பவுலின் படிப்பினை (1 கொரி 12:21) அன்று ஆர்ஸ் கோவிலில் நிறைவேறியது.

அரசின் பதக்கமும் மறைமாவட்டத்தின் மரியாதைப் பட்டமும் பின்னர் வந்தன. பட்டத்தோடு கிடைத்த மேலாடையை 50 பிராங்குக்கு விற்று, பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஓடிப்போக விரும்பிய புனிதர்

இனி வருவது, நாம் அதிகம் பேசாத, ஆனால் அதிகம் சிந்திக்க வேண்டிய பகுதி. ஒப்புரவுத் தொட்டியில் 16 மணி நேரம் அமர்ந்திருந்த இந்த மனிதர், அந்தப் பணி தமக்கு இயல்பாகப் பிடித்ததால் அமர்ந்திருக்கவில்லை. அவருடைய உள்ளம் ஏங்கியது தனிமைக்கும் அமைதியான செபத்திற்கும். மடம் ஒன்றில் ஒதுங்கி, தம் பாவங்களுக்காக அழுது உயிர்விட வேண்டும் என்பதே அவர் ஆசை. பங்கை நடத்தத் தமக்குத் தகுதியில்லை, இத்தனை ஆன்மாக்களுக்காகக் கடவுள் முன் கணக்குக் கொடுக்க வேண்டுமே என்ற அச்சம் வாழ்நாள் முழுவதும் அவரை வாட்டியது.

ஒருமுறையல்ல, சில முறை அவர் ஆர்சை விட்டுப் புறப்பட்டார். 1843 மே மாதம் சாவின் விளிம்புவரை சென்று பிழைத்தவர், செப்டம்பரில் ஓர் இரவில் யாருக்கும் சொல்லாமல் தார்தில்லியிலுள்ள தம் சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார். திருப்பயணிகள் அங்கேயும் தேடி வந்தார்கள். சில நாள்களில் ஆர்சுக்குத் திரும்பினார். 1853 செப்டம்பரில் மீண்டும் இரவில் கிளம்பினார். இம்முறை செய்தி கசிந்துவிட்டது. கோவில் மணி ஒலித்தது. மக்கள் விளக்குகளோடு ஓடிவந்து வழியை மறித்தார்கள். புதிதாக வந்திருந்த உதவிக் குரு தொக்கனியே கெஞ்சினார். காத்திருந்த திருப்பயணிகள் கண்ணீரோடு மன்றாடினார்கள். 67 வயதான வியான்னி திரும்பி நடந்து, நேராக ஒப்புரவுத் தொட்டிக்குள் போய் அமர்ந்தார்.

இதை வெறும் மனச்சோர்வு என்றோ தாழ்ச்சி என்றோ சொல்லி நாம் கடந்துவிடக் கூடாது. இறைவன் ஒருவருக்குத் தரும் கொடையும், அவருடைய சொந்த விருப்பமும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்பதை இது காட்டுகிறது. எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வியான்னி ஏதோ ஒரு மடத்தில் நல்ல துறவியாக வாழ்ந்திருப்பார். என் வழியாக இறைவன் யாரைத் தேடுகிறார் என்ற கேள்விதான் அவரைத் திருப்பி அழைத்துவந்தது. அந்தக் கேள்விக்கு விடை அவருடைய உள்ளத்திற்குள்ளிருந்து வரவில்லை. வழியை மறித்து நின்ற மக்களிடமிருந்து வந்தது. முதலில் தந்தை பாலே கண்டார், இறுதியில் எளிய மக்கள் கண்டார்கள். கொடை பெற்றவரோ இறுதிவரை அதைத் தம்மிடம் காணவில்லை.

1859 சூலை மாத இறுதியில், கடும் வெயிலில், வழக்கம்போல் ஒப்புரவு வழங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய உடல் முற்றிலும் தளர்ந்தது. படுக்கையிலும் சிலருடைய பாவ அறிக்கையைக் கேட்டார். ஆகஸ்டு 4 ஆம் நாள் அதிகாலையில், 73 ஆம் வயதில், அமைதியாக இறைவனிடம் சென்றார். 1925 மே 31 அன்று திருத்தந்தை 11 ஆம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1929 இல் அவர் பங்குத்தந்தையரின் பாதுகாவலரானார். அவர் இறந்த 150 ஆம் ஆண்டை முன்னிட்டு 2009 சூன் முதல் 2010 சூன் வரை திருச்சபை முழுவதும் குருக்கள் ஆண்டைக் கொண்டாடியது.

நமக்கு

அன்பார்ந்தவர்களே, தூய ஆவியாரிடமிருந்து பெற்ற கொடைகளை, அவை மிக எளியனவாக இருந்தாலும், திருச்சபையின் நலனுக்காகவும் உலகின் நலனுக்காகவும் பயன்படுத்துவது நம்பிக்கை கொண்டோர் ஒவ்வொருவருக்கும் உரிமையும் கடமையுமாகும் என்று சங்கம் கற்பித்துள்ளது (பொதுநிலையினர் திருத்தூதுப்பணி, எண் 3). ஆகவே எனக்கு எந்தக் கொடையும் இல்லை என்று சொல்ல நமக்கு இடமில்லை. திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்ற எவரும் வெறுங்கையராய் இருப்பதில்லை.

நம் கொடையை எப்படி அறிந்துகொள்வது? வியான்னியின் வாழ்வு மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, நமக்கு முன் இருக்கும் சிறிய பணியைச் செய்யத் தொடங்குவது. 230 பேரின் வீடுகளுக்கு நடந்துபோனதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இரண்டாவது, பிறர் நம்மிடம் எதற்காக வருகிறார்கள் என்பதைக் கவனிப்பது. சாவு வீட்டில் முதலில் நம்மைத் தேடுகிறார்கள் என்றால், சண்டையிட்ட உடன்பிறப்புகள் நம்மிடம் வந்து பேசுகிறார்கள் என்றால், அதிலே ஓர் அழைப்பு இருக்கிறது. மூன்றாவது, நம்மை நன்கு அறிந்த, செபிக்கிற ஒருவரிடம் கேட்டுப் பார்ப்பது.

நாம் பெற்றது என்ன என்று தேடுவதோடு நிறுத்திவிடாமல், தந்தை பாலேயின் பணியையும் நாம் ஏற்க வேண்டும். பங்குப் பேரவைகளிலும் அன்பியங்களிலும் பொறுப்பில் இருக்கிறவர்களும், பங்குத்தந்தையராகிய நாங்களும் இதைச் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து விவிலிய வசனத்தை ஒப்பிக்கத் திணறும் பிள்ளை, நோயுற்ற பாட்டிக்கு நாள்தோறும் கஞ்சி ஊட்டுகிறதா என்று நாம் கேட்டிருக்கிறோமா? கூட்டங்களில் வாய் திறக்காத பெண்மணி, யாருக்கும் தெரியாமல் எத்தனை வீடுகளில் சமாதானத்தை உண்டாக்கியிருக்கிறார் என்று நமக்குத் தெரியுமா? அந்தக் கொடையை நாம் பெயர் சொல்லி அழைத்து, அதற்கு ஓர் இடம் தந்தால்தான் அது பங்கிற்குப் பயன்படும்.

நீண்ட காலம் பணி செய்து களைத்துப்போய், போதும் என்று விலக எண்ணியிருப்போரும் நம்மிடையே இருக்கலாம். களைப்பு பாவமன்று. வியான்னியும் களைத்தார், புறப்பட்டும் போனார். ஓய்வெடுக்க வேண்டுமானால் எடுப்போம். ஆனால் முடிவு செய்வதற்கு முன், வழியில் யார் விளக்கோடு நமக்காகக் காத்து நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

தூய ஆவியார் நம் ஒவ்வொருவருக்கும் தந்திருப்பதைக் கண்டுணரவும், பிறரிடம் இருப்பதை மகிழ்வோடு ஏற்கவும், இரண்டையும் அன்பிலே ஒன்றாக்கி இறைவனுக்குக் காணிக்கையாக்கவும் புனித ஜான் மரிய வியான்னி நமக்காகப் பரிந்து பேசுவாராக! ஆமென்.